எத்தனை முட்டை என்று கேட்ட மகனுக்கு

சரவணா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை முதலில் போனது. எழுதவில்லை. இங்கே நாங்கள் நலமாக இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்பது நேற்று நீ ஜோதிக்கு அனுப்பிய செய்தியிலேயே தெரிந்துவிட்டது. "அம்மா பேச்சைக் கேக்காத. ஃப்ரெஷ்ஷா வெச்சாத்தான் நிக்கும். டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க." கட்டிய மனைவி மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கும்போது இப்படி எழுத முடிகிறவன் நலமாகத்தான் இருக்க வேண்டும். காலையிலிருந்து நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவள் வார்டுக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, உன் அப்பா கீழே கடையில் வாங்கி வந்த கோடு போட்ட தாளில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து ஜோதியின் போனிலிருந்தே அனுப்புவேன். நான் அனுப்பினால் திறக்க மாட்டாய், அவள் அனுப்பினால் திறப்பாய்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வருவார். நாளைக்குக் கருவை ஜோதியின் கருப்பையில் வைப்பதா, இல்லை உறைய வைத்துவிட்டு அவள் தேறும்வரை காத்திருப்பதா என்று கேட்பார். ஜோதி தன் பதிலைச் சொல்லிவிட்டாள். இப்போது வேண்டாம் என்றாள். ஆனால் ஆரம்பத்தில் கையெழுத்துப் போட்டது இருவரும், கருவும் இருவருடையது, அதனால் உன் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வேண்டும் என்கிறார் டாக்டர். நீயோ கத்தாரில் உட்கார்ந்துகொண்டு வைத்தே தீர வேண்டும் என்று நிற்கிறாய். நீ இன்னும் இரண்டு முறை அழுத்திச் சொன்னால் ஜோதி தன் பேச்சை மாற்றிக்கொள்வாள். அதுதான் எனக்குப் பயம். உனக்காக அவள் எதையும் விழுங்குவாள் என்பதை இந்த வாரம் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இத்தனை வருடம் நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக் கொடுத்தவள் நான். முட்டையைப் பற்றி எத்தனை வார்த்தை உண்டோ அத்தனையும் என் வாயில் தேய்ந்திருக்கிறது. ஒரு புத்தகத்தில் அண்டம் என்று இருக்கும், அடுத்ததில் கருமுட்டை என்பார்கள், இன்னொரு பாடத்தில் சினைமுட்டை. செடிக்கு மட்டும் சூல். முதல் நாள் வகுப்பில் பையன்கள் குனிந்து சிரிப்பார்கள், பெண்கள் நோட்டைப் பார்த்துக்கொண்டே சிவப்பார்கள். ஊரில் பேசுகிற பேச்சுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சினை என்றால் மாட்டுக்கும் மீனுக்கும்தான். சேத்தியாத்தோப்பு சந்தையில் வீராணத்து மீனைத் தூக்கிக் காட்டி, "சினை இருக்குதுங்க, எடுத்துக்குங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். அதையே ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னால் அடி விழும். பெண் முழுகாமல் இருப்பாள், மாசமாக இருப்பாள். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு மரியாதை வைத்திருக்கிறோம். இந்த ஆஸ்பத்திரியின் குழந்தைப்பேறு கிளினிக்கில் நுழைந்ததும் எல்லாம் போய் ஒரே வார்த்தைதான். எக். "எக் நல்லா வந்திருக்கு மேடம்", "எக் சைஸ் பத்தலை", "நாளைக்கு எக் எடுத்துடலாம்". கோழிப் பண்ணை வாசலில் நிற்கிறோமோ என்று ஜோதியே ஒருநாள் என் காதோரம் சொல்லிச் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிக்க முடிந்தது.

நீயும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாய். லீவில் வந்திருந்த ஒரு மாதமும் ஸ்கேன் முடிந்து நாங்கள் வெளியே வருவதற்குள் உன் முதல் கேள்வி, "எத்தனை முட்டை?" இடது பக்கம் எத்தனை, வலது பக்கம் எத்தனை. ஊசி போட்டுப் போட்டு அவள் அடிவயிறு ஊதா நிறமாகக் கன்றிப்போயிருந்தது. அதைப் பற்றி நீ கேட்டதாக எனக்கு நினைவில்லை. இருபதுக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்த அன்று வடலூர் கடையில் லட்டு வாங்கிவந்து பிளாக் முழுக்கக் கொடுத்தாய். எதற்கு லட்டு என்று கேட்டவர்களிடம் சம்பளம் கூடியிருக்கிறது என்றாய். உன்னை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானும் அன்றைக்கு ஒரு லட்டு தின்றேன். ஸ்கேனில் தெரிகிற கறுப்பு வட்டத்தை முட்டை என்று எழுதினால் என் வகுப்புப் பிள்ளைக்கு மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன். என் வீட்டு விஷயம் என்றதும் எனக்கும் அது முட்டையாகத்தான் தெரிந்தது.

இப்போதாவது சரியாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஸ்கேனில் தெரிவது முட்டை இல்லை. மனுஷியின் முட்டை ஸ்கேனில் தெரிகிற அளவுக்குப் பெரிதே இல்லை. தெரிவது அதைச் சுற்றி இருக்கும் சின்ன நீர்ப்பை. பாலிக்கிள் என்று பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினாயே, அதுதான். பைக்குள் முட்டை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் முதிராமல் இருக்கலாம். முதிர்ந்ததை எடுத்து வெளியே விந்தணுவோடு சேர்த்து வைத்தால் சில கருவாகும். கருவானதில் சில ஐந்தாம் நாள்வரை வளரும். வளர்ந்ததை உள்ளே வைத்தால் ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம். ஒட்டினால்தான் கர்ப்பம். கர்ப்பம் நின்று வளர்ந்தால்தான் பிள்ளை. இவ்வளவு தூரம் இருக்கிறது. நீ முதல் படியில் நின்றுகொண்டு கடைசிப் படிக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தாய். ஒரே மாதத்தில் இத்தனை பைகளை ஒரு உடம்பு முதிர வைக்கிறதென்றால் அந்த உடம்பு என்ன பாடு படும் என்று நீயும் கேட்கவில்லை, பாடம் நடத்திய நானும் கேட்கவில்லை. டாக்டர் சொன்னார். வயிறு வீங்கினால், மூச்சு முட்டினால், சிறுநீர் குறைந்தால் உடனே வரச் சொன்னார். நாம் மூன்று பேரும் தலையாட்டினோம்.

இனி முட்டை சாப்பிட்ட கதைக்கு வருகிறேன். நீ விமானம் ஏறிய அன்று காலையில்தான் அவளுக்குக் கருமுட்டை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் உணவு சொல்லும் பெண் வந்து, புரதம் நிறைய வேண்டும், தினமும் நாலைந்து முட்டையின் வெள்ளைக்கரு சாப்பிட வேண்டும் என்றாள். ஜோதி என்னைப் பார்த்தாள். வடலூர் சபை வழியில் வந்த குடும்பம் அது. அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அடுப்பில் முட்டை ஏறியதில்லை. என்னிடம் படித்தபோதே ஆய்வகத்தில் கோழி முட்டையை உடைத்துப் பார்க்கும் நாளில், "டீச்சர், நான் படம் மட்டும் வரைஞ்சுக்கறேனே" என்று கேட்டவள். உடைக்காமலே அவள் வரைந்த படத்தில் காற்றறை, வெண்கரு, மஞ்சள் கரு எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. அந்தப் படத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது நீ எட்டிப்பார்த்து, "யாரும்மா இது?" என்று கேட்டாய். அங்கே ஆரம்பித்ததுதான் உங்கள் கதை. கல்யாணத்துக்குப் பிறகு நீ ஆம்லெட் போடும்போது அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஜன்னலை மட்டும் திறந்து வைப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? பாடம் எடுத்தேன். பண்ணை முட்டையில் சேவலே கிடையாது, கரு கூடாது, அதில் உயிர் இல்லை, அடைக்கு வைத்தாலும் குஞ்சு வராது என்று கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உயிர் இல்லைன்னு தெரியும் அத்தை. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. தொண்டையில எறங்க மாட்டேங்குது, அவ்ளோதான்" என்றாள். அந்த நேரத்தில்தான் நீ விமான நிலையத்திலிருந்து வீடியோவில் வந்தாய். "நம்ம குழந்தைக்காகன்னு நெனச்சு முழுங்கு" என்றாய். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நீ கை தட்டினாய். அவளும் உனக்காகச் சிரித்தாள். பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நான் நின்றேன்.

மறுநாள் அவள் வயிறு உப்ப ஆரம்பித்தது. பழக்கமில்லாத முட்டை செரிக்கவில்லை என்று நான் நினைத்தேன். ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, "பழகாத வயிறுல்லா, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று தன் ஊர்க் கோவில்பட்டி வைத்தியம் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். ஜோதி வேறு மாதிரி நினைத்திருக்கிறாள். செய்யக் கூடாததைச் செய்ததால்தான் வயிறு இப்படி ஆகிறது என்று முடிவுகட்டி, எனக்குத் தெரியாமல் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். தண்ணீரைக்கூடக் குறைத்துவிட்டாள். வயிறு வலிக்கிறதா என்று கேட்டால் "முட்டைதான் அத்தை, போயிடும்" என்பாள். டாக்டர் சொன்ன மூன்று அறிகுறிகளும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. நாங்கள் மூன்று பேரும் ஒரு கிண்ணம் வெள்ளைக்கருவின் மேல் பழியைப் போட்டுவிட்டு நடமாடிக்கொண்டிருந்தோம். அந்த முட்டையை அவள் சாப்பிடாமல் இருந்திருந்தால் வயிறு வீங்கியதுமே பயந்து ஓடியிருப்போம்.

நேற்று காலை அவள் அறைக்குக் காபி கொண்டுபோனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். ஏன் உட்கார்ந்து தூங்குகிறாய் என்று கேட்டேன். "படுத்தா மூச்சு வர மாட்டேங்குது அத்தை." கடைசியாக எப்போது சிறுநீர் போனாய் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, "முந்தாநாள்" என்றாள். சரவணா, காபி டம்ளரை எங்கே வைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. உன் அப்பா வண்டியைப் பேசி வாசலுக்கு வரவழைத்தார். முத்தாண்டிக்குப்பம் தாண்டும்போது அவளால் பின்சீட்டில் சாயவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தே வந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் விரல் என் தோளில் அழுந்தியது. "அவர்ட்ட சொல்லிடாதீங்க அத்தை, வேலை நேரத்துல பயந்துடுவாரு" என்றாள். பண்ருட்டி வரும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.

இங்கே வந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். முட்டை எடுத்த பைகளெல்லாம் மறுபடி நீர் கோத்து, இரண்டு சினைப்பையும் பெரிதாகிக் கிடந்தன. இரத்தக்குழாயில் ஓட வேண்டிய நீரெல்லாம் கசிந்து வயிற்றுக்குள் தேங்கியிருந்தது. நெஞ்சுக்கூட்டிலும் கொஞ்சம். உள்ளே ரத்தம் கெட்டியாகிக்கொண்டு வருகிறது, இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் உறைந்து கட்டியாகியிருக்கலாம் என்றார் டாக்டர். முட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஊசி மருந்துக்கு அவள் உடம்பு அளவுக்கு மீறி வேலை செய்துவிட்டது, அவ்வளவுதான். ஊசியைக் குத்தி வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். வைக்கோல் நிறத்தில் பாட்டில் நிறைய வந்தது. கையில் ஏற்றிய மருந்துப் பாட்டிலில் ஆல்புமின் என்று எழுதியிருந்ததை அவள் படுத்துக்கொண்டே படித்திருக்கிறாள். "அத்தை, ஆல்புமின்னா முட்டையோட வெள்ளைதானே? ரெண்டாவது பாடத்துல நடத்துனீங்க" என்றாள். மூச்சுத் திணறும்போதும் அவளுக்கு அந்தக் கவலை. இது மனுஷ ரத்தத்திலிருந்து எடுப்பது, யாரோ கொடுத்த ரத்தம், பெயர் மட்டும்தான் அந்தப் பெயர் என்று சொன்னேன். "அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆபத்து போய்விட்டது என்று நினைத்துவிடாதே. டாக்டரம்மா என்னையும் அவளையும் வைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னார். "கரு நல்லா வந்திருக்கு. உறைய வெச்சிடலாம், ஒண்ணும் கெட்டுப்போகாது. ஆனா நாளைக்கே உள்ள வெச்சு அது நின்னுடுச்சுன்னா, அந்தக் கர்ப்பமே இந்த வீக்கத்த இன்னும் தூக்கி விட்டுடும். வாரக்கணக்குல இழுக்கும். என்னால உத்தரவாதம் தர முடியாது." புரிகிறதா? நீ நிற்க வேண்டும், நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாயே, நின்றால்தான் அவளுக்கு ஆபத்து. உறைய வைத்தது பழையது என்று யார் உன்னிடம் சொன்னார்கள்? ஃப்ரிட்ஜில் வைத்த மீனா அது? கருவுக்குக் காத்திருக்கத் தெரியும். அவள் மூச்சுக்குத்தான் காத்திருக்கத் தெரியாது.

நேற்று மத்தியானம் வடலூரிலிருந்து ஜோதியின் அம்மா வந்தார். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் கத்தினார். "நல்லா இருந்த பொண்ண இப்பிடிப் படுக்க வெச்சிட்டீங்களேங்க! எறும்ப மிதிக்காம எங்க வூட்ல வளந்தவ. அவ மூச்சு வாங்கிகினு கெடக்கறா, நீங்க இன்னும் கரு, முட்டைன்னே பேசிகினு இருக்கீங்க." உன் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பிறகு அவரே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன்.

எல்லாரும் போன பிறகு ஜோதி என்னைக் கூப்பிட்டாள். "அந்தக் கரு உயிரா அத்தை?" என்று கேட்டாள். கோழி முட்டை என்றால் கடகடவென்று சொல்லிவிட்டேன். இதற்கு என் பாடத்தில் பதில் இல்லை. உயிரணு என்று சொல்லலாம், கரு என்று சொல்லலாம், ஐந்தாம் நாளில் அதற்கு ஒரு பெயர், எட்டாவது வாரத்தில் இன்னொரு பெயர் என்று சொல்லலாம். அவள் அதைக் கேட்கவில்லை. "தெரியலம்மா. நீ உயிர். அது மட்டும் எனக்குத் தெரியும்" என்றேன். டாக்டர் வந்தபோது அவளாகத்தான் சொன்னாள். "இப்ப வேணாம் டாக்டர். பத்திரமா வெச்சிருங்க. நான் எந்திரிச்சு வந்து வாங்கிக்கறேன்." நான் சொல்லிக் கொடுத்தேன் என்று நீ நினைக்கிறாய். இல்லை. அம்மா பேச்சைக் கேட்காதே என்று நீ எழுதியபோது அவள் கேட்டிருந்தது தன் பேச்சை.

உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஜோதி பாயசம் பரிமாறிக்கொண்டு போனபோது, பந்தியில் ஒரு அம்மாள் பக்கத்து இலைக்காரியிடம், "சில கோழி முட்டையே வைக்காது, வெச்சாலும் கூமுட்டைதான்" என்று சொன்னாளே, அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். நீ இலையை மூடிவிட்டு எழுந்தாய். அடுத்த லீவுக்கே கிளினிக்கில் பெயர் பதிந்தாய். அந்தப் பேச்சு ஜோதியின் காதிலும் விழுந்தது. ஆனால் அவள் அந்த அம்மாளுக்கும் பாயசம் ஊற்றிவிட்டுத்தான் நகர்ந்தாள். உன் கோபம் நியாயம்தான். அந்த அம்மாளுக்குப் பதில் சொல்ல உன் மனைவியின் வயிற்றைக் கேட்பதுதான் நியாயம் இல்லை. அந்த அம்மாள் இந்நேரம் வேறு யார் வீட்டுப் பந்தியிலோ சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

கூமுட்டை என்றதும் நம் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் கோழி வளர்த்த கூத்து நினைவுக்கு வருகிறது. உனக்கு அப்போது ஏழெட்டு வயது. பெட்டைக்கோழியைக் கூடையில் அடை வைத்தோம். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், கூடையில் ஒரு இரும்பும் கரித்துண்டும் போட்டு வையுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உன் அப்பா இரும்புக்கு ஒரு பெரிய போல்ட்டைக் கொண்டுவந்தார். கரிக்கு, "நெய்வேலியில கரிக்கா பஞ்சம்" என்று கை கொள்ளாத நிலக்கரிக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அடுப்புக்கரி என்று அவர்கள் சொன்னது இவருக்கு உறைக்கவில்லை. நம் மண்ணுக்கரி எப்போதும் ஈரம். வைக்கோல் முழுக்க நசநசவென்று ஆகி ஒரு புளித்த வாடை. போதாததற்கு நீ தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோழியைத் தூக்கிக் கீழே விட்டுவிட்டு முட்டையை எண்ணுவாய், காதில் வைத்துக் குலுக்குவாய். கடைசியில் இரண்டு குஞ்சுதான் வந்தது, மற்றதெல்லாம் கூமுட்டை. "எலேய், நீ எண்ணி எண்ணித்தான் கெட்டுச்சு" என்று அப்பா உன்னைத் துரத்த, "உங்க கரியாலதான்" என்று நீ கத்த, பிளாக்கே வேடிக்கை பார்த்தது. இன்றுவரை அந்த வழக்கு தீரவில்லை.

நான் அன்றைக்குக் கோழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடை கிடந்த அத்தனை நாளும் சரியாகத் தீனி எடுக்காமல் கொண்டை வெளுத்து, எழுந்தால் கால் தள்ளாடியது. கையில் எடுத்தால் இறகுதான் இருந்தது, கோழி இல்லை. நொய்யைத் தயிரில் பிசைந்து உள்ளங்கையில் வைத்து ஊட்டினேன். உங்கள் இரண்டு பேர் சண்டையில் அது உயிரோடு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை.

நீ கெட்டவன் இல்லை, சரவணா. உன்னை எனக்குத் தெரியும். பிள்ளை மேல் உனக்கு எவ்வளவு ஆசை என்பதும் தெரியும். எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். எதிர் பிளாக்கில் யாராவது பேரனைத் தூக்கிக்கொண்டு நடந்தால் நான் துணி காயப்போடுகிற மாதிரி நின்று பார்ப்பேன். ஆனால் ஜோதி இல்லாத வீட்டில் எனக்கு எந்தப் பேரனும் வேண்டாம். இதை நன்றாகப் படித்துக்கொள். பிள்ளை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். எதுவானாலும் அவள் என் வீட்டுப் பெண். உன் கோபத்துக்குப் பயந்து இதை நான் மாற்றி எழுதப் போவதில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரி சமையலறையிலிருந்து தட்டு வந்தது. கஞ்சி, பக்கத்தில் தோல் உரித்த முட்டை, மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளை மட்டும். உள்ளே போய்த் தடுத்தேன். "புரோட்டீன் வேணும்னு எழுதியிருக்காங்க மேடம்" என்றாள் கொண்டுவந்த பெண். "பருப்பு குடுங்க, பால் குடுங்க, பவுடர் கலக்கிக் குடுங்க. இவ முட்டை சாப்பிட மாட்டா" என்றேன். ஜோதி கண்ணைத் திறந்தாள். குழாய்க்கு நடுவே அவள் குரல் சன்னமாக வந்தது. "வேணும்னா சாப்பிடறேன் அத்தை. அவருக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவாரு." தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு வெளியே வந்தேன்.

இன்று மத்தியானம் அவளுக்கு முதல்முறையாகச் சிறுநீர் ஓரளவு இறங்கியது. நர்ஸ் அளந்து சொன்னபோது உன் அப்பா, மைன்ஸில் அத்தனை பெரிய இயந்திரத்தைக் கட்டி ஆளுகிற மனுஷர், நடைபாதையில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எங்களுக்கு இன்றைக்கு அதுதான் லட்டு.

போனை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் இதை அனுப்புவேன். கடைசிப் பக்கம் படித்ததும் கூப்பிடு. எத்தனை என்று கேட்காதே. மூச்சு விட முடிகிறதா என்று கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. அவள் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள், அதற்குள் மூன்று இடத்தில் மூச்சு வாங்குவாள். அந்த இடத்தை நீ கேட்க வேண்டும். கேட்ட பிறகும் உன்னால் வைத்தே தீர வேண்டும் என்று சொல்ல முடிந்தால், அதையும் அவளிடமே சொல். டாக்டர் சாயங்காலம்தான் வருவார், நேரம் இருக்கிறது.

அம்மா